முக்காற்புள்ளிக்குப் பின் யாது? சந்தா பில்லிங் ஏபிஐயுடன் கிளையன்ட் லைப்ரரி வழித் தொடர்புறுதல்: திருப்பூர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தோற்றுவாய்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றி எழுந்துள்ள ஆய்வுகள் சிலவல்ல. 1984ஆம் ஆண்டு பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தமும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட ஆணையும், நொய்யல் ஆற்று நீரின் நிறமும், உழவராகவும் தொழிலாளராகவும் இருந்த கவுண்டர்கள் முதலாளிகளான வரலாறும் (இப்பொருள்மீது சரத் சாரி எழுதிய ‘ஃப்ரட்டர்னல் கேப்பிடல்’ 2004இல் வெளிவந்தது) அறிஞர்களால் அலசிக் காயப்போடப்பட்டுவிட்டன. ஆயின், பனியன் கம்பெனியின் மாடியில், ஏசி ஓடுகின்ற ஒரே அறையில், சட்டைப் பையில் பென்டிரைவும் கண்ணில் தூக்கமுமாக அமர்ந்திருக்கும் இளைஞர், சந்தா பில்லிங் ஏபிஐ ஒன்றினோடு எவ்வாறு பேசுகிறார் என்பதை ஆராய்ந்தார் ஒருவரும் இலர். அக்குறையைக் களைவது இக்கட்டுரையின் நோக்கம். களையுமாறு எவரும் கேட்கவில்லை என்பது உண்மையே எனினும், யாரேனும் கேட்டால்தான் ஆய்வு செய்ய வேண்டும் என்ற விதி தமிழாய்வுலகில் என்றேனும் இருந்திருக்குமாயின், பல்கலைக்கழக நூலகங்களில் இன்று அலமாரிகள் இவ்வளவு தேவைப்பட்டிரா.

சொற்பொருள்

சந்தா என்பது பாரசீகத்திலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்து, கோயில் நோன்பிக்கும் தொழிற்சங்கத்துக்கும் வார இதழுக்கும் கொடுக்கப்பட்டு, இப்போது மென்பொருளுக்கும் கொடுக்கப்படுவதாகிய, காலமுறை தவறாது கைவிட்டுப் போகும் தொகையைக் குறிக்கும் சொல்லாகும். ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் வேலை கேட்டு நிற்பதற்கென்று திறந்து வைத்த சன்னல். எந்தச் சொல்லை எந்த வரிசையில் சொன்னால் எது கிடைக்கும் என்பது அச்சன்னலின் அருகே எழுதி ஒட்டப்பட்டிருக்கும், ஒட்டியதை எவரும் படிப்பதில்லை. சந்தா பில்லிங் ஏபிஐ எனின், மாதந்தோறும் பில் போட்டு, வாடிக்கையாளரின் அட்டையிலிருந்தோ வங்கிக் கணக்கிலிருந்தோ பணம் எடுத்து, எடுக்க இயலாதபோது சலிக்காமல் மறுபடி மறுபடி முயன்று, அனைத்துக்கும் கணக்கு வைக்கின்ற சன்னலாம். 2011இல் சென்னையில் தொடங்கப்பட்ட சார்ஜ்பீ, ஜோஹோவின் பில்லிங் மென்பொருள், 2014இல் தோன்றிய பெங்களூரு ரேசர்பே ஆகியன இத்தகைய சன்னல்களைத் திறந்து வைத்துள்ளன.

கிளையன்ட் லைப்ரரி என்பது அச்சன்னலில் நின்று பேசத் தெரிந்த ஆள். திருப்பூரில் இதனை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை: 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர் இவ்வூர்ப் பனியனைத் தேடி வரத் தொடங்கியபின், பையருக்கும் கம்பெனிக்கும் இடையே நின்று, அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொல்லாததை அவருக்கும் எடுத்துச் சொன்ன பையிங் ஏஜென்ட் யாரோ, அவரே கிளையன்ட் லைப்ரரி. ஒரே வேறுபாடு, லைப்ரரி கமிஷன் கேட்பதில்லை.

இவ்வாளின் தேவை யாருக்கு எனின், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு பனியன் எட்டுக் கைகள் மாறும்போது, எத்தனை ரோல் போயிற்று, எத்தனை டஜன் வந்தது, எந்த டிசிக்கு எந்த பில் என்று கணக்கு வைக்கும் மென்பொருளை எழுதி, அதனை மாதச் சந்தாவுக்கு விற்கும் சிறு நிறுவனங்களுக்காம். டிசி என்பது சரக்கோடு செல்லும் டெலிவரி சலான். இது இவ்வூரின் இரண்டாம் நாணயம்.

சான்றுகள்

இவ்வாய்வு மூன்று சுவடிகளை அடிப்படையாகக் கொண்டது. முதலாவது காலண்டர்ச் சுவடி: தினசரி நாட்காட்டியின் ஒற்றைத் தாள், முன்பக்கத்தில் இராகு காலமும் எமகண்டமும், பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஏபிஐ விவரமும் கொண்டது, அடிப்பகுதியில் ஏறத்தாழக் கால் பங்கு கிழிந்துள்ளது. இரண்டாவது டிசி சுவடி: சலான் புத்தகத்தின் மூன்றாம் படி, கார்பன் மங்கியது, ஓவர்லாக் எந்திரத்தின் எண்ணெய்க் கறை உடையது. மூன்றாவது வாட்ஸ்அப் சுவடி: கைமாறிக் கைமாறி எழுத்துத் தெளிவிழந்த திரைப்பிடிப்பு; மூலம் எது, படி எது என்று பகுத்தறிய இயலாதது, ஆகவே பதிப்பாசிரியர்க்குப் பெருமகிழ்ச்சி தருவது. இம்மூன்றும் எழுதப்பட்ட காலம் இன்னும் உறுதிப்படவில்லை. முதலில் காலத்தை முடிவு செய்துவிட்டுப் பின்னர் சான்று தேடுகின்ற எளிய முறை ஒன்று வழக்கில் இருப்பினும், நேரமின்மையால் இங்கே அது கைக்கொள்ளப்படவில்லை.

நூலகம் என்னும் சொல்

லைப்ரரி என்பதைத் தமிழாக்குவோர் நூலகம் என்பர். திருப்பூரில் இச்சொல்லாட்சி பெருங்குழப்பம் விளைவிக்கும். ஏனெனில் அவ்வூரில் நூல் என்பது இருபதாம் நம்பர், முப்பதாம் நம்பர், நாற்பதாம் நம்பர் என்று கோனில் சுற்றி மூட்டையில் வருவது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியை ஒட்டி மில்காரர்கள் விலையைச் சொல்லும்போது ஊரே நெஞ்சைப் பிடித்துக்கொள்வதும் அதன் பொருட்டே. ‘கிளையன்ட் நூலகம் அப்டேட் ஆகிவிட்டது’ என்று ஒரு மென்பொருளாளர் சொன்னபோது, ‘கிலோவுக்கு எத்தனை ஏறிருக்குது?’ என்று கேட்கப்பட்டதாக வாட்ஸ்அப் சுவடி கூறும் (திரை 2, பச்சைக் கட்டம்). கேள்வி பிழையன்று. லைப்ரரியின் பதிப்பு எண்ணில் முதல் இலக்கம் மாறினால், பழைய நிரல் உடையக்கூடும், அதைச் சீர்செய்ய இரண்டு நாள் வேலை பிடிக்கும், ஆகவே விலை ஏறத்தான் செய்கிறது.

இனி, பஞ்சை நூலாக்குவதையும் சொல்லைப் பனுவலாக்குவதையும் ஒப்பிட்டு, புலவனை நூற்கும் பெண்ணாகவும் அறிவைக் கதிராகவும் உருவகிக்கும் பகுதி நன்னூலில் உண்டு. அதனை இயற்றிய பவணந்தி முனிவர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தினர் என்று கொங்கு நாட்டார் கொண்டாடுவர். சீனாபுரம் திருப்பூருக்கு அண்மையது. நூல் இரண்டும் ஒன்றென அவர் கண்டார். எனவே கிளையன்ட் லைப்ரரி பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கொங்கு மண்டலத்தில் வழக்கில் இருந்தது என்ற முடிவுக்கு வர இன்னும் ஒரே ஒரு கருத்தரங்கு போதுமானது. அக்கருத்தரங்குக்கான பதிவுக் கட்டணம் முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும் என்பதும், கட்டுரையை இதழில் வெளியிட ஆசிரியரே இதழுக்குச் சந்தா கட்ட வேண்டும் என்பதும், இன்றைய ஆய்வுலகம் சந்தா பில்லிங் முறையை மென்பொருளாளரைக் காட்டிலும் முன்னரே நன்குணர்ந்திருந்தது என்பதற்கு அகச்சான்றுகளாம்.

வகை

பைத்தான், பிஎச்பி, ஜாவா, ரூபி, நோட், டாட்நெட், கோ என மொழிக்கொன்றாக லைப்ரரி உண்டு. எது சிறந்தது என்பது வேலைக்கு முன்னரே அமர்த்தப்பட்டுவிட்ட ஆளுக்கு எது தெரியும் என்பதைப் பொறுத்தது.

நிறுவல்

ஒரு வரிக் கட்டளை.

முக்காற்புள்ளி

இனி வருவது இவ்வாய்வின் மையம். சன்னலில் நிற்பவர் தாம் இன்னார் என்று மெய்ப்பிக்க வேண்டும். அதற்குப் பழமையானதும் எளியதுமாகிய முறை ஒன்று உண்டு: பயனர் பெயர், அதனையடுத்து முக்காற்புள்ளி, அதனையடுத்துக் கடவுச்சொல், இம்மூன்றையும் ஒட்டி ஒரே சரமாக்கி, பேஸ்64 என்னும் எழுத்துமாற்று முறையில் எழுதி அனுப்புதல். பேஸ்64 மறையெழுத்தன்று, பனியனை உட்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்வதைப் போன்றது, ஆள் யார் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும், ஆகவே சரம் முழுவதும் மறையாக்கப்பட்ட இணைப்பின் வழியேதான் செல்ல வேண்டும். இணையத் தர நிர்ணயக் குழுவினர் 2015இல் வெளியிட்ட 7617ஆம் எண் ஆவணம், பயனர் பெயருக்குள் முக்காற்புள்ளி வரலாகாது, கடவுச்சொல்லுக்குள் வரலாம் என்று கூறும். தொல்காப்பிய உரைகளில் இதற்கு நிகரான நுட்பம் காண்டல் அரிது. இருந்தால் இதற்குள் மூவர் மூவிதமாக உரை எழுதியிருப்பர்.

சார்ஜ்பீ போன்ற ஏபிஐகளில் ஒரு விந்தை உண்டு. பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏபிஐ கீ எனப்படும் நீண்ட திறவுகோலை இட்டு, முக்காற்புள்ளியையும் இட்டு, கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இடாமல் விட வேண்டும். திறவுகோல், முக்காற்புள்ளி, வெறுமை. இவ்வெறுமையை அறிஞரல்லாதார் எளிதில் கடந்து சென்றுவிடுகின்றனர். வாட்ஸ்அப் சுவடியில் கம்பெனி முதலாளிக்கும் மென்பொருளாளருக்கும் இடையே நிகழ்ந்த உரையாடலாகப் பின்வரும் பகுதி காணப்படுகிறது:

‘பாஸ்வேர்டு எங்க தம்பி?’

‘அது காலியாத்தானுங்ணா இருக்கோணும்.’

‘காலியா உட்டா எவனாச்சும் உள்ள வந்துருவானே?’

‘கீ நம்மகட்டத்தானுங்ணா இருக்குது.’

‘அப்பறம் பூட்டு எதுக்கு?’

இதன்பின் இரண்டு நீலக் குறிகள் மட்டுமே உள்ளன, விடை கிடைக்கவில்லை (திரை 5, இப்பகுதியில் ‘காலியா’ என்பதற்குக் ‘காளியா’ என்றும் ஒரு பாடம் உண்டு, அதனைக் கொண்டால் கடவுச்சொல் காளியம்மன் ஆதல் வேண்டும், ஊர்ப்புறத்துக் கம்பெனிகளில் பூசை மாடத்துக்கும் கணினிக்கும் இடையே உள்ள தொலைவு நோக்கி இப்பாடத்தையும் தள்ளிவிட இயலாது).

இவ்வெறுமையைப் பற்றி மூவகைக் கொள்கையினர் உளர். வெறுமைக் கொள்கையினர், அங்கே ஒன்றும் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை என்பர். மறைவுக் கொள்கையினர், அங்கே ஏதோ உள்ளது, தகுதியுடையார்க்கே தெரியும் என்பர். கிழிசல் கொள்கையினர், காலண்டர்ச் சுவடியில் முக்காற்புள்ளி வரை எழுத்து தெளிவாகவும், அதன் பிறகு தாள் கிழிந்தும் இருத்தலை நோக்கி, அங்கே கடவுச்சொல் இருந்தது, தாளோடு போயிற்று என்பர் (காலண்டர்ச் சுவடி, பின்பக்கம், ‘லைவ்’ என்று தொடங்கும் வரி, கிழிசலுக்கு நெல்லளவு மேலே). மூன்றாம் கொள்கையே தாளைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதால் அதற்கு ஆய்வுலகில் ஆதரவு குறைவு.

இம்மூவரும் நோக்கத் தவறியது புள்ளியின் பெயரை. அச்சுக்கலையோடு ஐரோப்பியரிடமிருந்து வந்த நிறுத்தற்குறிகளுக்குத் தமிழர் இட்ட பெயர்கள் பின்னக் கணக்கில் அமைந்தவை: காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. காணி, மா, மாகாணி என முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரை எண்ணிய கணக்கரின் வழித்தோன்றல்கள் ஒரு புள்ளியை நான்காகப் பகுத்ததில் வியப்பில்லை. முக்காற்புள்ளி இட்டு நிறுத்தினால், கணக்குப்படி மீதம் ஒரு கால் எஞ்சி நிற்கும். அந்தக் கால் எங்கே போயிற்று? கடவுச்சொல்லின் இடத்தில் உள்ள வெறுமை, வெறுமையன்று, காணாமற்போன கால் என்பதே இவ்வாய்வின் கோட்பாடு.

இதற்கு வலுவான புறச்சான்று உண்டு. இந்திய அரசு 25 பைசா நாணயத்தையும் அதற்குக் கீழ்ப்பட்டவற்றையும் 30 ஜூன் 2011 முதல் செல்லாதவையாக்கியது. கால் ரூபாய் வழக்கொழிந்தது அவ்வாண்டு. சார்ஜ்பீ சென்னையில் தொடங்கப்பட்டதும் அவ்வாண்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணை பிறந்ததும் அவ்வாண்டு. ஒரே ஆண்டில் கால் மறைந்து, முக்காலோடு நிற்கும் ஏபிஐக்கு வித்திடப்பட்டு, அதே ஆண்டில் ஊரெல்லாம் நிறமிழந்து நின்றமை தற்செயல் என்பார்க்கு, தற்செயல் என்ற சொல்லையே நீக்கிவிட்டால் வரலாற்றுத் துறையில் எத்தனை பேராசிரியர் பதவிகள் எஞ்சும் என்ற வினாவே விடையாகும். (இக்கருத்தினை முதலில் உரைத்தது டிசி சுவடி: மூன்றாம் படி, ‘சரக்கு விவரம்’ என்ற கட்டத்துக்கு வலப்புறம், எண்ணெய்க் கறையின் தென்மேற்கு விளிம்பில், ‘கால் வரல’ என்று காணப்படும் குறிப்பு. இதனை ‘போன் கால் வரவில்லை’ என்று கொள்வார் உளர். ‘கால் டஜன் வரவில்லை’ என்பாரும் உளர். ‘கைமடிக்கு வர வேண்டிய பெண்ணுக்குக் கால் வலி’ என்று ‘வலி’யைப் பாடங்கொள்வாரும் உளர், கைமடி என்பது தையல் எந்திரத்தின் அருகே நின்று துண்டுகளை எடுத்துக் கொடுக்கும் உதவியாள். நால்வகைப் பொருளும் ஒருங்கே பொருந்துதலின் இது உயர்ந்த இலக்கியம் என்பது தெளிவு.)

இங்கே ஒரு சிறு தடை நிகழக்கூடும். கிளையன்ட் லைப்ரரியைப் பயன்படுத்துவோர் முக்காற்புள்ளியைக் கண்ணால் காண்பதே இல்லை. கர்ல் என்னும் கட்டளைக் கருவியைக் கொண்டு நேரடியாகச் சன்னலில் நிற்பவரே அதனைத் தட்டச்சு செய்தல் வேண்டும். மறந்துவிட்டால் கர்ல் கடவுச்சொல் கேட்டுக் காத்து நிற்கும், மனிதரும் எதிரே காத்து நிற்பர். லைப்ரரியோ தளத்தின் பெயரையும் திறவுகோலையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, புள்ளியைத் தானே இட்டு, எழுத்து மாற்றித் தானே அனுப்பிவிடுகிறது. உண்மையில் லைப்ரரி என்பது இத்தகைய நூறு புள்ளிகளை மனிதர் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாதபடி தான் நினைவில் வைத்திருப்பதுதான். ஏஜென்ட்டின் வேலையும் அதுவே. அவ்வாறாயின் மேற்கண்ட ஆராய்ச்சி முழுவதும் எதற்கு என்னும் வினா எழும். அவ்வினா முறைப்படி பதிவு செய்யப்பட்டு, மேலாய்வுக்கு ஒதுக்கப்படுகிறது.

திறவுகோலை நிரலுக்குள் எழுதி வைக்கலாகாது, சூழல் மாறியில் வைக்க வேண்டும் என்பது நூல் வழக்கு. காலண்டரில் எழுதி ஆணியில் மாட்டுவது உலக வழக்கு.

பைசா

சந்தா பில்லிங் ஏபிஐகள் பலவும் தொகையை ரூபாயில் கேட்பதில்லை, அந்நாணயத்தின் மிகச் சிறிய அலகில் கேட்கும். மாதம் 499 ரூபாய்ச் சந்தாவை 49900 என்று அனுப்ப வேண்டும். 499 என்றே அனுப்பினால் வாடிக்கையாளருக்கு 4 ரூபாய் 99 பைசாவுக்குப் பில் போகும், அவரும் புகார் செய்யமாட்டார். மென்பொருளுக்குரிய 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 588 ரூபாய் 82 பைசா, அதாவது 58882. பின்னப்புள்ளியோடு கணக்கிடும்போது கணினி ஆங்காங்கே நுண்ணளவில் வழுக்கும் என்பதே முழு எண்ணில் கேட்பதற்குக் காரணம். ஜப்பானிய யென்னுக்குச் சிற்றலகு வழக்கில் இல்லாமையால் அங்கே பெருக்கத் தேவையில்லை. குவைத் தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ். ஏற்றுமதி ஊரில் இவையும் தெரிந்திருத்தல் நலம்.

இந்தியாவின் பிற பகுதிகளில் இம்முறை இளைஞரைத் திகைக்க வைக்கிறது; பைசா என்பதை அவர்கள் பள்ளிப் பாடத்தில் மட்டும் கண்டவர்கள். திருப்பூரில் நிலைமை வேறு. பனியனுக்குப் பீஸ் ரேட் பேசும்போது, தோள் பூட்டுவதற்கு இவ்வளவு, கழுத்து ரிப் வைப்பதற்கு இவ்வளவு, அடி மடிப்பதற்கு இவ்வளவு என்று வேலைக்கு வேலை பைசாவில்தான் பேசப்படுகிறது; ஐந்து பைசாவுக்காக அரைநாள் எந்திரங்கள் நின்ற செய்தி அவ்வூர்த் தேநீர்க் கடைகளில் இன்றும் கேட்கக் கிடைக்கும். நாணயச்சாலை கைவிட்ட அலகை இன்று நாள்தோறும் உச்சரிப்போர் இருவரே: பவர் டேபிளில் அமர்ந்த டெய்லர், சந்தா பில்லிங் ஏபிஐ. இருவருள் டெய்லருக்கு மட்டும் சனிக்கிழமை ரூபாயாக்கித் தரும்போது சில்லறை வெட்டப்படுகிறது. ஏபிஐ ஒரு பைசாவும் விடாது.

நிலைகள்

சந்தா ஒன்று பிறந்தது முதல் அழியும் வரை அடையும் நிலைகளை ஏபிஐ ஆங்கிலத்தில் பெயரிட்டு வைத்துள்ளது. தொடங்கவிருப்பது, வெள்ளோட்டத்தில் இருப்பது, நடப்பது, புதுப்பிக்கப்படாதது, நிறுத்தி வைக்கப்பட்டது, ரத்தானது என்று அவை தமிழில் அமையும். பிறவற்றுக்கு விளக்கம் வேண்டா. நான்காவதாகிய ‘புதுப்பிக்கப்படாதது’ மட்டும் புதியோரை மயக்கும்: சந்தா இன்னும் நடப்பில்தான் உள்ளது, பணம் கட்டிய காலம் முடியும் வரை எல்லா உரிமையும் உண்டு, ஆயின் அடுத்த தவணை கிடையாது. இந்நிலையைத் தவறாகப் படித்து வாடிக்கையாளரின் கணக்கை அன்றே பூட்டிவிட்ட மென்பொருளாளர் பலர். பனியன் கம்பெனி மேலாளருக்கோ இது கைவந்த பாடம். ‘இந்த வாரத்தோட நின்னுக்கறனுங்’ என்று திங்கட்கிழமை சொல்லிவிட்ட டெய்லர், சனிக்கிழமை சம்பளம் வாங்கும் வரை எந்திரத்தில்தான் இருப்பார், அவரை எழுப்பக்கூடாது, புதிய ஆர்டரின் பண்டலை அவர் பக்கம் வைக்கவும் கூடாது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கம்பெனியில் பாதிப்பேர் இந்நிலையினர்.

ஒருமைத் திறவுகோல்

சந்தா ஒன்றை உருவாக்கச் சொல்லி லைப்ரரி வழியே கோரிக்கை போகிறது. சர்வர் அதனைப் பெற்று உருவாக்கியும் விடுகிறது. ‘ஆயிற்று’ என்னும் விடை திரும்பி வருமுன் இணைப்பு அறுந்துவிடுகிறது. கேட்டவர் நிறைவேறவில்லை என்றெண்ணி மறுபடி கேட்கிறார். இரண்டு சந்தா, இரண்டு பில். இதனைத் தவிர்க்க, ஒவ்வொரு கோரிக்கையோடும் அதற்கே உரிய ஒரு தனி அடையாளச் சரத்தை அனுப்பினால், அதே சரத்தோடு மறுபடி வரும் கோரிக்கைக்குச் சர்வர் புதிதாக ஒன்றும் செய்யாது, முன்னர்க் கொடுத்த விடையையே திருப்பிக் கொடுக்கும்.

பனியன் ஊருக்கு இதுவும் புதிதன்று. டையிங் யூனிட்டுக்குப் போன சரக்குக்கு டிசி தொலைந்துவிட்டால், புதிய எண்ணில் இன்னொரு டிசி போடுகிறவன் புதுக் கணக்குப்பிள்ளை. பழைய எண்ணையே கேட்டு வாங்கி ‘டூப்ளிகேட்’ என்று மேலே எழுதுகிறவர் பழைய கணக்குப்பிள்ளை. புதியவர் போட்ட டிசியால், போகாத முந்நூறு கிலோ துணி போனதாகி, வராத துணி வர வேண்டியதாகி, ஆண்டுக் கடைசியில் இரு கம்பெனிகளுக்கிடையே பேச்சுவார்த்தை நின்றுபோவதுண்டு. ஜிஎஸ்டி மின் விலைப்பட்டியல் முறையும் இதே நெறியில் அமைந்தது: விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றிலிருந்து 64 எழுத்துள்ள அடையாள எண் பிறக்கிறது, அதே பில்லை மறுபடி ஏற்ற முயன்றால் தளம் மறுத்துவிடும். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உடையாருக்கு எனத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கிய இம்முறையால், திருப்பூர்ச் சந்துகளில் உள்ள கணக்குப்பிள்ளைகளும் ஏபிஐ என்ற சொல்லை ஏசும் பழக்கம் பெற்றனர்.

காலம்

ஏபிஐ நேரத்தை 1970 ஜனவரி முதல் நாள் தொடங்கி எண்ணிய நொடிகளாகவே பெரும்பாலும் சொல்லும், அதுவும் கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில். இந்திய நேரம் அதனின் ஐந்தரை மணி முந்தியது. ஆகவே ஏப்ரல் முதல் தேதி பின்னிரவு மூன்று மணிக்கு, ஷிப்மென்ட் நெருக்கடியில் நைட் ஷிஃப்ட் ஓடும் வேளையில் உருவான சந்தா, ஏபிஐயின் கணக்கில் மார்ச் 31 இரவு ஒன்பதரைக்கு உருவானது. நிதியாண்டே மாறிவிடும், ஆடிட்டர் தொலைபேசியில் அழைப்பார். உலகின் பெரும்பகுதி முழு மணிக் கணக்கில் வேறுபட்டிருக்க, அரை மணியைத் தாங்கி நிற்கும் நாடுகள் சிலவே. எட்டு மணி வேலையை ஒரு ஷிஃப்ட் என்றும், பன்னிரண்டு மணி வேலையை ஒன்றரை ஷிஃப்ட் என்றும் எண்ணி, அரையிலேயே வாழ்ந்து பழகிய திருப்பூரார்க்கு இவ்வரை மணி இடராகாது என்று எதிர்பார்த்தல் இயல்பு. இடராகத்தான் ஆகிறது.

இதனினும் ஆழ்ந்த முரண் ஒன்று உண்டு. சந்தா மாதத்தில் இயங்குவது. ஊர் வாரத்தில் இயங்குவது. சம்பளம் சனிக்கிழமை, மளிகைக் கடைப் பாக்கி சனிக்கிழமை, சீட்டுப் பணம் சனிக்கிழமை, ஞாயிறு காதர்பேட்டையில் துணி எடுக்கக் கையில் காசு இருப்பதும் அதனால். மாதம் பிறந்த செவ்வாய்க்கிழமை காலையில் பணம் கேட்கும் எந்திரத்தை இவ்வூர்ச் சிறு ஜாப் ஒர்க் காரர் ‘சனிக்கிழமை வாங்க’ என்று சொல்லி அனுப்பிவிடவே விரும்புவார். அதற்குரிய வாயில் ஏபிஐயில் இல்லை. வார முறையில் சந்தா வைக்க ஏபிஐ இடம் தருகிறது என்பது உண்மை. அதை எந்த மென்பொருளாளரும் தேர்ந்தெடுத்ததாகச் சுவடிகளில் இல்லை, ஏனெனில் ஆவணத்தின் முதல் எடுத்துக்காட்டில் மாதம் என்று இருந்தது.

பணம் எடுக்குமுன் அறிவித்தல்

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையிலிருந்து தானாக எடுக்கும் தவணைக்கு 24 மணி நேரம் முன்னரே வாடிக்கையாளருக்கு அறிவிப்புப் போக வேண்டும். 2021 அக்டோபர் முதல் இது கண்டிப்பாயிற்று, 2022 ஜூனில் கூடுதல் உறுதிப்பாடின்றி எடுக்கும் உச்சவரம்பு 5000த்திலிருந்து 15,000 ரூபாய்க்கு உயர்ந்தது. கொடுக்க வேண்டியவருக்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டால் அவர் அன்று ஊரில் இருக்கமாட்டார் என்பது வசூலுக்குப் போன எவருக்கும் தெரியும். இவ்வியல் இதனோடு நிற்கிறது.

சாம்பிளும் பல்க்கும்

எல்லா ஏபிஐக்கும் சோதனைத் தளம் என்று ஒன்றும் நேரடித் தளம் என்று ஒன்றும் உண்டு, திறவுகோலும் தனித்தனி. சோதனைத் தளத்தில் ஓடியது நேரடித் தளத்தில் ஓடும் என்று நம்புவதற்கும், பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் பீஸ் போலவே ஐம்பதாயிரம் பீஸும் வரும் என்று நம்புவதற்கும் வேறுபாடு இல்லை. சாம்பிள், மாஸ்டர் தம் கையால் தைத்தது.

கிழிந்த கால்

கட்டுரை முடியும் தறுவாயில், காலண்டர்ச் சுவடியின் கிழிந்த அடிப்பகுதி கிடைக்கப்பெற்றது. கம்பெனிக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில், பில் குத்தி வைக்கும் கம்பியில், கீழிருந்து ஏழாவது தாளாக அது குத்தப்பட்டிருந்தது. கிழிசலின் விளிம்பும் இராகு காலத்தின் எஞ்சிய எழுத்துகளும் சுவடியோடு பிசகின்றிப் பொருந்துகின்றன. அளவை: முழுத் தாளில் சரியாகக் கால் பங்கு. முக்காற்புள்ளிக்குப் பின் வர வேண்டிய இடத்தில், வேறொரு கையெழுத்தில், பால்பாயின்ட் அழுத்தத்தால் தாள் ஓட்டை விழும்படி எழுதப்பட்டுள்ளது: ‘டீ 3, போண்டா 2’. வெறுமைக் கொள்கையினர் இது இடைச்செருகல் என்கின்றனர். மறைவுக் கொள்கையினர் இதனை மூன்று, இரண்டு எனப் பிரித்துப் பொருள் காண முனைந்துள்ளனர். அதனைக் கடவுச்சொல்லின் இடத்தில் இட்டுப் பார்க்க எவரும் துணியவில்லை. கடைக்காரர் மட்டும், தாளைத் திருப்பிக் கேட்டபோது, அந்தத் தொகை இன்னும் வரவில்லை என்றும், சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் தெரிவித்தார்.